அகப்பக்கத்துக்கும் இருப்புக் கணக்கு: நூலகப் பட்டியலிலிருந்து தேடுபொறி வரை ஒரு வரலாற்றுப் பார்வை



கைப்பேசியை எடுத்து, தமிழ்மொழித் தேர்வுத்தாள் ஒன்றைத் தேடிப் பாருங்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டு விட்டது. பிடி3 தேர்வு 2022-இல் போனது. எஸ்.பி.எம். தேர்வும் 2021 முதல் கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தின்படி நடக்கிறது. ஆனால் பழைய தாள்களும் பழைய அமைப்பை விளக்கும் குறிப்புகளும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. தேடுபொறிக்கு மலேசியத் தேர்வு வாரியத்தின் அறிவிப்பெல்லாம் தெரியாது. பலரும் பார்த்த பக்கம், பலரும் இணைப்புக் கொடுத்த பக்கம் என்றால் அதை மேலே தூக்கி வைக்கும். படிவம் ஐந்து மாணவி ஒருத்தி தேர்வுக்கு முதல் வாரம் பழைய அமைப்பிலுள்ள தாளைப் பதிவிறக்கம் செய்து பயிற்சி செய்தால் நட்டம் யாருக்கு?

கடைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஸ்டோக் எடுப்பார். எது இருக்கிறது, எது விற்கிறது, எது காலாவதி ஆகிவிட்டது என்று எண்ணிப் பார்ப்பார். அகப்பக்கம் நடத்துகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது? யார் தொடங்கினார்கள்? அதில் என்ன தவறு நடந்தது? இதுதான் இக்கட்டுரையின் பொருள். கணினிப் பாடம் போலத் தெரியலாம். ஆனால் இது வரலாறு. வேரைத் தேடிப் போனால் நூலகத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

1. பட்டியல் முதலில், தேடல் பிறகு

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தில் பாப்பிரஸ் சுருள்கள் மலைபோலக் குவிந்தன. அவற்றைப் படைத்தவர் பெயர், துறை என்று பிரித்துப் பட்டியலிட்டவர் காலிமாக்கஸ் என்ற கிரேக்கக் கவிஞர். அவருடைய பட்டியலுக்குப் 'பினாக்கெஸ்' என்று பெயர். அது 120 சுருள்களுக்கு விரிந்ததாகச் சொல்கிறார்கள். நூல் இருந்தால் மட்டும் போதாது, அது இருக்கிறது என்று தெரியவும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

இந்த எண்ணத்தை ஓர் இயலாகவே வளர்த்தவர் நம் தமிழ் மண்ணைச் சேர்ந்தவர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவ்விதிகளின் சாரத்தைச் சொன்னால், நூல் பயன்படுவதற்காக இருக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் கிடைக்க வேண்டும். வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். 'நூல்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் 'பக்கம்' என்று போட்டுப் பாருங்கள். இன்றைய அகப்பக்க நிர்வாகம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும்.

நூலகர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. 'களையெடுப்பு' என்றே அதைச் சொல்வார்கள். தவறான தகவல் உள்ள நூல், கிழிந்த நூல், புதிய பதிப்பு வந்துவிட்ட நூல், யாருமே எடுக்காத நூல் ஆகியவற்றை அடுக்கிலிருந்து எடுப்பது. 1976-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜோசப் சீகல் என்பவர் இதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். சிறிய நூலகங்கள் அதை இன்றும் பின்பற்றுகின்றன. ஆனால் அந்தத் துறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உள்ளூர் வரலாறு சார்ந்த நூலை யாரும் எடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போடக் கூடாது. இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. கையால் எழுதிய பட்டியலும் ஊர்ந்து திரியும் நிரலும்

வைய விரிவு வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்தார். தொடக்கத்தில் உலகத்தில் இருந்த தளங்களை எல்லாம் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் கையாலேயே பட்டியல் போட முடிந்தது. அவ்வளவு குறைவு. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தாங்கள் கண்ட தளங்களைத் தலைப்பு வாரியாக அடுக்கினார்கள். அதுதான் யாஹூ ஆனது. அது நூலகர் பாணிப் பட்டியல். மனிதன் பார்த்து, இது இந்த அடுக்குக்கு உரியது என்று முடிவு செய்வான்.

ஆனால் பக்கங்கள் பெருகியபோது மனிதக் கை ஓய்ந்துபோனது. 1993 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஃப்ளெட்சர் 'ஜம்ப்ஸ்டேஷன்' என்ற தேடுபொறியை உருவாக்கினார். ஒரு நிரல் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்கு ஊர்ந்து போய், பார்த்த பக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். நாம் கேட்டால் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டி விடை சொல்லும். இன்றுவரை தேடுபொறியின் அடிப்படை வேலை இதுதான்: ஊர்ந்து திரட்டுவது, அட்டவணைப்படுத்துவது, வரிசைப்படுத்துவது. 1994-இல் மார்ட்டின் கோஸ்டர், இந்த நிரல்கள் எங்கே நுழையலாம், எங்கே நுழையக் கூடாது என்று தள உரிமையாளர் அறிவிக்க ஒரு வழியை முன்மொழிந்தார். வாசலில் தொங்கவிடும் அறிவிப்புப் பலகை போல.

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. 1998-இல் லேரி பேஜ், செர்கே பிரின் இருவரும் கூகுளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அப்போது தங்களிடம் 2.4 கோடி பக்கங்கள் இருப்பதாகக் குறிப்பிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த புதுமை என்ன தெரியுமா? ஒரு பக்கத்தின் மதிப்பை, அதற்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அளந்தார்கள். பெரியவர்கள் நால்வர் சுட்டிக்காட்டும் ஆளுக்கு ஊரில் மதிப்பு கூடுவது போலத்தான். பத்தே ஆண்டில், 2008-இல், ஒரு லட்சம் கோடி முகவரிகள் தங்களுக்குத் தெரியவந்துள்ளதாகக் கூகுள் அறிவித்தது. அத்தனையையும் அட்டவணையில் சேர்க்கவில்லை என்றும் சொன்னது.

இங்கேதான் திருப்பம். தேடுபொறி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது. தேர்ந்துதான் எடுக்கும். அப்படியானால் எதைக் காட்டுவது என்பதில் தள உரிமையாளருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிட்டது.

3. எண்ணத் தொடங்கிய காலம்

1998-இல் லூ ரோசன்ஃபெல்ட், பீட்டர் மோர்வில் இருவரும் இணையத் தகவல் கட்டமைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார்கள். இருவருமே நூலகத் துறையில் படித்தவர்கள். 2002-இல் ஜெஃப்ரி வீன் என்ற வடிவமைப்பாளர், தளத்திலுள்ள ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்து விரிதாளில் ஒரு வரியாக எழுதும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். சலிப்பூட்டும் வேலை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் செய்யாமல் தளத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2005-இல் கூகுள் 'தள வரைபடம்' என்ற கோப்பு முறையை அறிமுகப்படுத்தியது. 2006-இல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதை ஏற்றுக்கொண்டன. என் தளத்தில் உள்ள பக்கங்கள் இவை, கடைசியாகத் திருத்திய நாள் இது என்று உரிமையாளரே பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை. காலிமாக்கஸின் வேலையை இப்போது ஒவ்வொரு தளமும் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2009-இல் இன்னொரு வசதி வந்தது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால், இதுதான் மூலப் பக்கம் என்று குறியிட்டுக் காட்டலாம்.

4. 2011: அளவு போய்த் தரம் வந்தது

இதற்கிடையில் சில நிறுவனங்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. மக்கள் என்னென்ன தேடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு தேடலுக்கும் மலிவாக ஒரு கட்டுரை எழுதிப் போடுவது. உள்ளே விஷயம் இருக்காது. தலைப்பு மட்டும் பொருந்தும். விளம்பரப் பணம் வரும். 'உள்ளடக்கப் பண்ணை' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது.

2011 பிப்ரவரியில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. அந்த மாற்றத்துக்கு 'பாண்டா' என்று பெயர். கரடியின் பெயர் அல்ல, நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். அமெரிக்காவில் சுமார் 12 விழுக்காட்டுத் தேடல்களின் முடிவுகள் மாறின. அதே ஆண்டு மே மாதம் கூகுள் ஒரு விளக்கம் கொடுத்தது: தளத்தின் ஒரு பகுதி தரம் குறைந்திருந்தால் அது முழுத் தளத்தையும் பாதிக்கலாம், அப்படிப்பட்ட பக்கங்களை நீக்கலாம், மேம்படுத்தலாம், ஒன்றாகச் சேர்க்கலாம்.

இதற்குப் பிறகுதான் இருப்புக் கணக்கு என்பது தேடலோடு நேரடியாக இணைந்தது. அதுவரை 'பக்கம் நிறைய இருந்தால் நல்லது' என்று நினைத்தவர்கள், 'பயனில்லாத பக்கம் மற்றப் பக்கங்களுக்கும் பாரம்' என்று பேசத் தொடங்கினார்கள். கூடையில் ஒரு தக்காளி அழுகினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே?

5. 2023: களையோடு பயிரும் போனது

ஆனால் எந்தப் பாடத்தையும் பாதியாகக் கற்றால் ஆபத்து. 2023 ஆகஸ்டில் சி‌நெட் என்ற பழைய தொழில்நுட்பச் செய்தித்தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியது வெளியே தெரிந்தது. பழையதை எடுத்துவிட்டால் தளம் புதியதாகத் தெரியும், தேடலில் மேலே வரும் என்பது அவர்கள் கணக்கு. நீக்கியவற்றின் படிகளை இணைய ஆவணக்காப்பகத்தில் சேமித்ததாகவும் சொன்னார்கள். கூகுள் தரப்பு உடனே மறுத்தது. ஒரு பக்கம் பழையது என்பதற்காக மட்டும் நீக்காதீர்கள், பழைய உள்ளடக்கமும் பயனுள்ளதாக இருக்கலாம் என்று விளக்கியது.

மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2011-இல் சொன்னது 'தரமற்றது'. 2023-இல் சிலர் செய்தது 'பழையது'. இரண்டும் ஒன்றல்ல. கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது இப்படிச் சொற்கள் வழுக்கி இடம் மாறுவதைக் கண்டுபிடிப்பது பெரிய திறன்.

இழப்பின் அளவையும் பாருங்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை. 2009-இல் யாஹூ தன்னிடமிருந்த ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது எளிய மக்கள் கட்டிய எத்தனையோ பக்கங்கள் ஒரே நேரத்தில் மறைந்தன. தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிடித்தது ஒரு பங்குதான்.

6. தமிழின் கதை: இருந்தும் இல்லாத பக்கங்கள்

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய ஓர் இணையத் தொகுப்பு வெளியீடு கண்டது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் தேசிய கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவரும் ஓர் ஆசிரியர் என்பதில் நமக்குப் பெருமை. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணையம் பற்றிய மாநாடு நடந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' பலரைக் கணினியில் தமிழ் எழுத வைத்தது.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய சிக்கல். ஆளுக்கொரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துக் காட்டினார்கள். நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துருவை எடுத்துவிட்டால் குப்பை. அப்படிப்பட்ட பக்கத்தைத் தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? பக்கம் இருக்கும், ஆனால் தேடலில் இருக்காது. யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்று விட்டாலும், பயன்பாட்டுக்கு வந்து பரவப் பல ஆண்டுகள் ஆயின. இடையில் தகுதரம் என்று அழைக்கப்படும் டிஸ்கி, தாப், தாம் என்று பல குறியேற்றங்கள் வந்துபோயின.

இந்தச் சூழலில் இருப்புக் கணக்கைச் சரியாகச் செய்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கினார்கள். ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் கொடுத்தார்கள். முதலில் பழைய எழுத்துருக்கள், பிறகு டிஸ்கி, அதன் பிறகு யூனிகோடு என்று குறியேற்றம் மாறியபோது நூல்களைத் தூக்கிப் போடவில்லை, மாற்றி அமைத்தார்கள். எண் மாறவில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் இருந்ததால்தான் அது முடிந்தது.

7. நம் வளப்பக்கங்களுக்கு எப்படிச் செய்வது?

பள்ளியின் தமிழ்ப் பகுதியாக இருந்தாலும், சங்கத்தின் வளக் களஞ்சியமாக இருந்தாலும் வழி ஒன்றுதான். ஒரு விரிதாளைத் திறங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. முகவரி, தலைப்பு, எந்தப் படிவம், எந்தப் பாடத்திட்டம், எழுதியவர், கடைசியாகத் திருத்திய நாள், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் தேடலிலிருந்து வந்தார்கள், என்ன சொல் போட்டுத் தேடினார்கள். கடைசி இரண்டையும் கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகக் காட்டும். ஒருவரே செய்தால் முதுகு ஒடிந்துவிடும். குழுவாகப் பிரித்துக்கொண்டால் பள்ளி விடுமுறையில் முடிக்கலாம்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு எழுதுங்கள்.

வைத்திரு: சரியாக இருக்கிறது, பயன்படுகிறது. தொட வேண்டாம். முகவரியையும் மாற்ற வேண்டாம்.

திருத்து: விஷயம் நல்லது, ஆனால் தேர்வு அமைப்போ ஆண்டோ பழையது. அதே முகவரியிலேயே புதுப்பியுங்கள். 'திருத்தப்பட்ட நாள்' என்று மேலே போடுங்கள். நாளை மட்டும் மாற்றி உள்ளே ஒன்றும் மாற்றாமல் விடுவது ஏமாற்று வேலை.

சேர்: திருக்குறள் விளக்கம் பற்றி அரைகுறையாக ஐந்து பக்கம் இருக்கும். ஒரே நல்ல பக்கமாக்குங்கள். பழைய நான்கு முகவரிகளிலிருந்தும் புதிய பக்கத்துக்கு நிரந்தர வழிமாற்றம் கொடுங்கள். 301 என்ற எண்ணால் குறிக்கப்படுவது அதுதான். வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்துவிட்டுப் போவது போல.

காப்பகத்தில் வை: யு.பி.எஸ்.ஆர். தாள்கள் போன்றவை. பயிற்சிக்கு உதவாது. ஆனால் ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதற்கு அவையே சான்று. 'இத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ஆவணமாக மட்டும் வைக்கப்பட்டுள்ளது' என்று பெரிய எழுத்தில் முதல் வரியில் போடுங்கள். இப்போதைய பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

எடு: தவறான விடை உள்ளவை, வெறுமையானவை, ஒரே தாளின் இரண்டாம் பிரதி. இவற்றை நீக்கலாம். நீக்குமுன் ஒரு படி சேமித்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்று இன்னும் மூன்று சோதனைகள் வேண்டும். ஒன்று, பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் மாற்ற வேண்டும். இரண்டு, வருடிப் போட்ட தாள் வெறும் படம். படத்துக்கு மேலே தலைப்பு, படிவம், தலைப்புச் சொற்கள், இரண்டு வரி அறிமுகம் தட்டச்சு செய்யுங்கள். மூன்று, 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருக்கிறதா பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு சொல். ஔவையாரைத் தேடும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

8. முடிவுரை

காலிமாக்கஸ் முதல் கூகுள் வரை கேள்வி மாறவில்லை. இவ்வளவு இருக்கிறதே, தேவையானவருக்குத் தேவையானது எப்படிப் போய்ச் சேரும்? விடையில் இரண்டு பாதி உண்டு. பயனற்றதை வழியிலிருந்து எடுப்பது ஒரு பாதி. அரியதைத் தொலைக்காமல் காப்பது மறு பாதி. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போனால் அதே விஷயத்தைச் சொல்லும் பக்கங்கள் இன்னும் நூறு இருக்கலாம். தமிழில், அதுவும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியைப் பற்றிய பக்கம் ஒன்று போனால் அதற்கு மாற்று இருக்காது. ஆகவே நாம் ஸ்டோக் எடுக்கும்போது கை கொஞ்சம் நிதானமாகவே இருக்க வேண்டும். வருகை எண்ணிக்கை பூஜ்யம் என்பது ஒரு தகவல்தான், தீர்ப்பு அல்ல. யாரும் பார்க்கவில்லையா, யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையா என்று முதலில் கேளுங்கள்.

மாணவர்களுக்கான சிந்தனை வினாக்கள்

1. 'பழையது', 'தரமற்றது' ஆகிய இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையிலுள்ள இரு நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.

2. அரங்கநாதனின் ஐந்து விதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது உங்கள் பள்ளியின் அகப்பக்கத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்று 80 சொற்களில் எழுதுக.

3. அகற்றப்பட்ட தேர்வுகளின் தாள்களை இணையத்திலிருந்து முற்றாக நீக்க வேண்டும் என்ற கருத்தை ஒட்டியோ வெட்டியோ வாதிடுக.

4. ஆசிரியரின் துணையுடன் பத்துத் தமிழ்ப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, மேலே கூறிய ஐந்து முடிவுகளில் எது ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் என்று காரணத்துடன் அட்டவணைப்படுத்துக.